ஆழத்துக் கட்டிக்கு எந்த ஊசி: எஃப்என்ஏசியா, கோர் பயாப்ஸியா?

கும்பகோணத்தில் இருக்கும் அப்பாவுக்குத் தொடையின் பின்பக்கம் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. தோலுக்கடியில் நழுவும் சின்னக் கொழுப்புக் கட்டியைப் பெரும்பாலும் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இது சதைக்குள் ஆழமாக இருந்தது, வளரவும் செய்தது. அதனால் முதலில் எம்ஆர்ஐ, அப்புறம் ஊசி.

எஃப்என்ஏசிதான் முதலில் எடுத்தோம். மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுப்பது, செலவு குறைவு, தைராய்டுக்கு அருமையான சோதனை. ஊசி இறங்கியதும் உள்ளங்கால் வரை கரண்ட் அடித்த மாதிரி சுண்டி, அப்பா காலை இழுத்துக்கொண்டார். ரிப்போர்ட்டில் ‘ஸ்பிண்டில் செல் லீஷன், பயாப்ஸி தேவை’ என்று மட்டும் இருந்தது. அந்த நீள்செல்கள் சாதுக் கட்டியிலும் உண்டு, சதை போன்ற திசுக்களில் வரும் புற்றான சார்கோமாவிலும் உண்டு. உதிர்ந்த நெல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அது நடவு வயலா நேரடி விதைப்பா என்று சொல்ல முடியுமா? செல்கள் நின்ற வரிசை எஃப்என்ஏசியில் கலைந்துபோகிறது.

கோர் பயாப்ஸியில் தடித்த ஊசியால் கட்டியை இழையாகவே எடுப்பதால் அந்த வரிசை அப்படியே வருகிறது. மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே எடுத்தார்கள். “மூட்டையில குத்தூசி போட்ட மாதிரி இருக்கு” என்றார் அப்பா. ஃபார்மலின் பாட்டிலில் சேமியாத் துண்டு போல மூன்று வெள்ளை இழைகள்.

நான் கோர் பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணம் பிளாக். அந்த இழைகளை மெழுகில் பதித்து வைக்கிறார்கள், அதுதான் பிளாக். இங்கே எடுத்த லேபில் சிறப்புச் சாயச் சோதனை இல்லை; பிளாக்கைச் சென்னைக்கு அனுப்பினோம். அப்பா ஊரைவிட்டு அசையவே இல்லை, மறுபடி ஒரு குத்தும் இல்லை. செல்கள் நெருங்கிய பகுதியும் தளர்ந்த பகுதியும் மாறி மாறி இருந்தன, எஸ்-100 என்ற சாயச் சோதனை பாசிட்டிவ். நரம்பு உறையில் வரும் சாதுவான ஷ்வானோமா! அந்தக் கரண்டுக்கும் அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. அறுவை செய்தவர் நரம்பை வெட்டாமல் கட்டியை மட்டும் உரித்தெடுத்தார்.

என்னவென்று தெரியாமலே முழுதாக வெட்டி எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். சார்கோமாவாக இருந்துவிட்டால் அடுத்த அறுவை இன்னும் பெரிதாகும். கோரிலும் சில சமயம் முடிவு தெளிவாக வராது. நாங்கள் பார்த்ததோ ஒரே ஒரு கட்டி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கலாம். ரிப்போர்ட்டில் உள்ள எண்ணோடு சரிபாருங்கள். மே மாத வெயிலில் காருக்குள் விட்டுவிடாதீர்கள், அது மெழுகு.