ஆக்சில் ஷாஃப்ட் ஜாம் ஆனால் சம்மட்டி எடுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் பழைய மாருதி ஜிப்சி ஜீப் வைத்து ஓட்டுகிறவர்கள் இதைத் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். முன்பக்க ஆக்சில் வேலைக்கு வண்டியை விட்டேன். பணம் போனதோடு நிற்கவில்லை, மலை இறங்கும்போது பிரேக்கும் போகப் பார்த்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை.

வலது முன்சக்கரத்தில் ஃப்ரீவீல் ஹப்பை (சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்டோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் பாகம்) லாக் செய்தால் கரகரவென்று சத்தம், சக்கரம் இழுபடும். ஃப்ரீ செய்தால் ஒன்றும் இல்லை. ஷாஃப்ட் ஸ்பிண்டிலுக்குள் ஜாம் ஆகிவிட்டது என்று பட்டறைக்காரர் பார்த்ததும் சொன்னார். அது சரிதான். அவர் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

நம் ஊரில் இது நிறைய வண்டிக்கு வரும். சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டான ஆக்சில் ஷாஃப்ட், ஸ்பிண்டில் என்ற குழாய்க்குள் நுழைந்து வெளியே ஹப்பில் வந்து முடிகிறது. குழாய்க்குள் ஷாஃப்டைத் தாங்க ஒரு புஷ் இருக்கும். ஃப்ரீவீல் ஹப் ஃப்ரீயில் இருந்தால் சக்கரம் மட்டும் பேரிங்கில் சுற்றும், உள்ளே ஷாஃப்ட் அசையாமல் கிடக்கும். ஸ்பிண்டிலைத் தாங்கி, ஸ்டீயரிங்கோடு திரும்பும் நக்கிளைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் கிழிந்திருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடைத் தண்ணீரும் சேறும் உள்ளே போய்விடும். கிரீஸ் சகதியாகி, மாதக்கணக்கில் சுற்றாத ஷாஃப்ட் துருவேறிப் புஷ்ஷோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்பிண்டிலும் நக்கிள் முகத்தோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். அதனால் வேலை கடினம்தான், மறுக்கவில்லை.

ஆனால் முறை இருக்கிறது. பிரேக் காலிப்பர், டிஸ்க், ஹப், பேரிங் எல்லாம் கழற்றியபின் ஸ்பிண்டில் போல்ட்டுகளை எடுத்துவிட்டு, துரு இளக்கும் ஆயிலை ஓரத்தில் அடித்து ஒரு இரவாவது ஊற விட வேண்டும். மறுநாள் பித்தளைச் சுத்தியால் ஸ்பிண்டிலின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டி, அதை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பவேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் ஸ்லைட் ஹேமர் புல்லர் (எடையை இழுத்தடித்துப் பாகத்தை உருவும் கருவி) போடலாம், நக்கிளின் வெளிப்புறத்தில் மிதமாகச் சூடு காட்டலாம். ஸ்பிண்டிலும் ஷாஃப்டும் ஒன்றாகவே வெளியே வந்தால் லேத் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். ஷாஃப்டை உருவும்போது கையால் தாங்கிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். இல்லாவிட்டால் அதன் பல் உள்பக்க ஆயில் சீலைக் கிழித்துவிடும்.

என் வண்டிக்கு இதில் எதுவுமே நடக்கவில்லை. காலையில் விட்ட வண்டியை மதியம் பார்க்கப் போனபோது ஷாஃப்டின் முனையில் நேராகச் சம்மட்டி அடி விழுந்துகொண்டிருந்தது. ஸ்பிண்டில் கேஸ் ஃப்ளேமில் சிவந்துபோயிருந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். "வேற வழியே இல்ல சார், இல்லன்னா மொத்த ஆக்சிலையும் மாத்தணும்" என்றார். முனையில் அடித்தால் ஷாஃப்டை நகராமல் பிடிக்கும் சர்க்கிளிப் வளையம் உட்காரும் பள்ளம் நசுங்கும், பல் விரியும். அந்த அடி சக்கரம் திரும்பினாலும் ஷாஃப்டைச் சுற்ற விடும் சி.வி. ஜாயின்ட் என்ற உள் இணைப்பின் குண்டுகள் வரை போகும். கெட்டிப்படுத்திய இரும்பைச் சிவக்கச் சூடாக்கினால் அதன் பலமே போய்விடும். நிறுத்தச் சொல்லியும் கேட்கவில்லை.

புது ஷாஃப்ட், புது ஸ்பிண்டில், பேரிங் செட், சீல் கிட், கூலி எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய் வாங்கினார்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லை, துண்டுச் சீட்டுதான். பழைய பாகங்களைக் கேட்டதற்கு எடைக்குப் போட்டாச்சு என்றார்கள்.

அடுத்த வாரம் வத்தலக்குண்டுக்கு இறங்கினேன். டம்டம் பாறையைத் தாண்டியதும் பிரேக் மிதித்தால் வண்டி இடதுபக்கம் இழுத்தது. அந்த ரோட்டில் அப்படி இழுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஓரங்கட்டிப் பார்த்தபோது வலது சக்கரத்தின் உள்பக்கம் முழுக்க கருப்பு எண்ணெய், ஹப்பைத் தொட முடியாத சூடு. இரண்டாம் கியரில் ஊர்ந்து கீழே போய்ச் சேர்ந்தேன்.

வத்தலக்குண்டில் ஒரு வயதான மெக்கானிக் என் முன்னாலேயே பிரித்துக் காட்டினார். உள்ளே இருந்தது என்னுடைய பழைய ஷாஃப்டேதான். நசுங்கிய முனையை அரம் போட்டுத் தேய்த்திருந்தார்கள். ஸ்பிண்டிலும் பழசு, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. உள்ளே புஷ் இல்லவே இல்லை. நட்டு கழலாமல் பிடிக்கும் லாக் வாஷரைப் போடாமல் நட்டை உளியால் கொத்தி நிறுத்தியிருந்தார்கள். உள்பக்க சீல் கிழிந்து டிஃபரென்ஷியல் (ஆக்சிலில் உள்ள கியர் பெட்டி) ஆயில் நக்கிளுக்குள் வந்து, கிரீஸைக் கரைத்து, ஸ்பிண்டில் வழியாக ஹப்பைத் தாண்டி டிஸ்க் வரை போயிருந்தது. "இந்த நட்டு கழண்டிருந்தா சக்கரமே தனியா போயிருக்கும் தம்பி" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்று வண்டியில் என் அம்மாவும் இருந்தார்.

பிரித்த ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்து, அவரிடமே எழுதியும் வாங்கிக்கொண்டேன். பழைய பட்டறையில் போய்க் கேட்டதற்கு, மலையில கண்டபடி ஓட்டுனா அப்படித்தான் ஆகும் என்று என்னையே திட்டினார்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். அடுத்து திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. துண்டுச் சீட்டு என்றாலும் தூக்கிப் போடாதீர்கள். பணத்தை போனில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும் ஆதாரம்தான்.

ஆக்சில் வேலைக்கு வண்டியை விடுமுன், பழைய பாகங்கள் என் கைக்கு வரவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். புது பாகத்தை மாட்டுவதற்கு முன் பெட்டியோடு படம் எடுங்கள். புல்லர் இருக்கிறதா, ஊற வைக்க நேரம் தருவீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். "ரெண்டு மணி நேரத்துல முடிச்சுடலாம்" என்றால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சமீபத்தில் எங்காவது இந்த வேலை செய்திருந்தால் இன்றைக்கே ஜாக்கி போட்டு அந்தச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, டயரின் உள்பக்கம் எண்ணெய் தெரிந்தாலோ, கொஞ்ச தூரம் ஓட்டியபின் ஒரு ஹப் மட்டும் அதிகமாகச் சுட்டாலோ வண்டியை மலை இறக்காதீர்கள், மெக்கானிக்கை மேலே வரச் சொல்லுங்கள்.