ஒரு சைவ சித்தாந்த வகுப்பும் ஒரு கண்ணாடிக் கடைக்காரியும்

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை முதல் மாலை நாலு வரை வகுப்பு. சைவ சித்தாந்தம், அதாவது கடவுள், உயிர், உலகம் பற்றிய சைவத் தத்துவம்; அதில் இரண்டு வருடப் படிப்பு. நடத்துவது ஒரு மடம். எங்கள் ஊரில் சிவன் கோயிலை ஒட்டிய கல்யாண மண்டபத்தில் நடக்கிறது. புத்தகம், மதியச் சாப்பாடு எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம், அதனால் பணத்தைப் பற்றிக் குறை சொல்ல வாய் வராது. சாம்பார் சாதம், தயிர் சாதம், எலுமிச்சை ஊறுகாய். ஊறுகாய் பிரமாதம். மைக்தான் மோசம். பின்வரிசையில் உட்கார்ந்தால் பாடம் நடத்தும் ஐயா சொல்வது இரண்டு தடவை கேட்கும், இரண்டு தடவையும் புரியாது.

நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண் பரிசோதனையும் நானே செய்வேன். முதல் வருடம் முடிந்த கையோடு இதை எழுதுகிறேன். சேரலாமா என்று கடைக்கு வருகிறவர்களே கேட்கிறார்கள்.

பாடத்தின் நடுநாயகம் சிவஞானபோதம், சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூல். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்தது. 12 நூற்பா, மொத்தமே 40 வரி. அந்த 40 வரிக்கு 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியம் என்ற பேருரையைத் தூக்கிப் பார்த்தால் கை வலிக்கும்.

ஆறாம் நூற்பா நடந்த அன்று, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்து, “ஐயா, சுத்தி வளைக்காம சொல்லுங்க, கடவுளை அறிய முடியுமா முடியாதா?” என்று கேட்டுவிட்டார். “முடியும்னாலும் தப்பு, முடியாதுன்னாலும் தப்பு” என்றார் ஐயா. எல்லோரும் சிரித்தோம். ஆனால் நூற்பா சொல்வது அதைத்தான். நம் அறிவுக்குள் அடங்குகிற எதுவும் மாறும், அழியும். கடவுள் அப்படி அடங்கினால் அவரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார். சரி, எந்த வகையிலும் அறியவே முடியாது என்றால், அது முயற்கொம்பு போல, இல்லாத பொருள். ஆக இரண்டுமே இல்லை. புலன்களும் நூல்களும் தரும் பாசஞானமும் எட்டாது, உயிர் தன்னையே அறியும் பசுஞானமும் எட்டாது. இறைவனே அறிவித்தால் அந்த அறிவாலேயே அவனை அறியலாம், அதுதான் பதிஞானம் என்கிறார்கள். இந்த அரை நாள் பாடத்துக்கே கட்டணம் தகும் என்பேன். “கடவுளைக் காட்டுகிறேன் வா” என்று கூப்பிடும் கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். எந்த அறிவைக் கொண்டு அவரை அறிய முடியாது என்பதை முதலில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த இடம் இதுதான்.

அப்புறம் பதினோராம் நூற்பா. ‘காணும் கண்ணுக்குக் காட்டும் உளம்போல்’ என்று தொடங்கும். கண் தானாகப் பார்ப்பதில்லை, உயிர் கூட நின்று காட்டினால்தான் பார்க்கும்; அதேபோல் உயிரும் தானாக அறிவதில்லை, இறைவன் கூட நின்று கண்டு காட்டுகிறான் என்பது பொருள். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குக் கடைக்கு வரும் குழந்தைகள் ஞாபகம் வந்தார்கள். சில பிள்ளைகளுக்குச் சோம்பேறிக் கண் இருக்கும். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்து, சின்ன வயதில் யாரும் கவனிக்காமல் விட்டால், அந்தக் கண் அனுப்பும் மங்கலான படத்தை ஒதுக்கிவிட மூளை பழகிவிடும். பிறகு சரியான லென்ஸைப் போட்டாலும் போர்டில் மேல் இரண்டு வரியைத் தாண்டாது. விழித்திரையில் குறை இல்லை, வெளிச்சம் இருக்கிறது, லென்ஸும் சரி, பார்வை மட்டும் இல்லை. டாக்டர் சொல்படி நல்ல கண்ணை ஒட்டி மூடி மாதக்கணக்கில் பழக்க வேண்டும். கண் மட்டும் போதாது என்பதை மெய்கண்டார் எனக்கு நிரூபிக்க வேண்டியதே இல்லை.

ஆனால் அடுத்த படி? கண்ணுக்குப் பின்னால் ஒன்று தேவை என்பதால், அதற்கும் பின்னால் இன்னொருவன் இருக்கிறான் என்று ஆகிவிடுமா? கேட்டேன். “அதுக்குத்தாம்மா அதே நூற்பாவில ‘அயரா அன்பின்’னு, தளராத அன்பாலன்னு, போட்டிருக்கார்” என்று சொல்லி ஐயா திருவாசகம் பாடத் தொடங்கிவிட்டார். நல்ல குரல். முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. அன்பு செலுத்தினால்தான் தெரியும் என்றால், தெரியாமல் யார்மேல் செலுத்துவது என்ற கேள்வியை நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன், இரண்டாம் வருடத்தில் விடமாட்டேன்.

பெரிய குறை ஒன்று உண்டு. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் என்ற நூலில் பரபக்கம் என்று ஒரு பகுதியையே ஒதுக்கி, கடவுளை மறுக்கும் உலகாயதர் தொடங்கிப் பல மதத்தாரின் வாதங்களை எடுத்துவைத்து மறுக்கிறார். எதிரி பேச இடம் கொடுத்த நூல் அது. வகுப்பில் அதை ஒரே மதியத்தில், சாப்பிட்ட மயக்கத்தில் ஓட்டிவிட்டார்கள். நாத்திகருக்குக் கிடைத்தது கால் மணி நேரம்.

தேர்வும் உண்டு. ‘பதிஞானம் விளக்குக’, பத்து மதிப்பெண். எனக்கு ஏழு கிடைத்தது.

மன நிம்மதிக்காக மட்டும் போகிறவர்களுக்கு முதல் ஆறு மாதம் இலக்கணப் பாடம் மாதிரி இருக்கும், பாதியில் நின்றுவிடுவார்கள். வாதம் பிடிக்கும், தமிழ் ஓரளவு தெரியும் என்றால் தாராளமாகச் சேரலாம். ஆறாம் நூற்பாவையும் பதினொன்றையும் முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலிக்கு முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள், அங்கே மொத்தமே ஏழெட்டுதான் கிடக்கிறது.