ஆரி போடுகிறவர்களுக்கு மஞ்சள் தெராபேண்ட் போதும்

கும்பகோணத்தில் வீட்டிலேயே ஆரி வேலை செய்கிறேன். கல்யாண பிளவுஸ்கள்தான் அதிகம். ஊசி பிடித்த வலது கை ஃபிரேமுக்கு மேலே இருக்கும், நூல் கொடுக்கும் இடது கை அடியில் இருக்கும். முதுகு வளைந்து, தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறிவிடும். ஆவணி, தை முகூர்த்தங்கள் நெருங்கினால் நாள் முழுக்க இதே இருப்புதான். என்னைப் போல ஃபிரேம் முன்னாலோ, தையல் மெஷின் முன்னாலோ, கம்ப்யூட்டர் முன்னாலோ குனிந்தே உட்காருகிறவர்களுக்காக தெராபேண்ட் என்கிற, இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டையைப் பற்றி எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாக வாங்கலாம், ஆனால் மஞ்சள் நிறத்தில் வாங்குங்கள்.

எனக்கு அது தேவைப்பட்ட காரணம் தோள்வலி. பரணிலிருந்து துணி எடுக்க வலது கையைத் தூக்கினால் தோளின் முன்பக்கம் பிடித்துக்கொள்ளும். நான் போன பிசியோ, வலிக்கிற இடத்தைத் தொடுவதற்கு முன்னால் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். கைகளை மெதுவாகத் தூக்கி இறக்க வைத்து, முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். கை காதோரம் வரை, அதாவது 180 டிகிரி உயர்ந்தால், அதில் சுமார் 120 டிகிரிதான் தோள் மூட்டில் நடக்கிறது. மீதி 60 டிகிரி, தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் வழுக்கித் திரும்புவதால் கிடைப்பது. அந்த எலும்பைத் திருப்ப மூன்று தசைகள் சேர்ந்து இழுக்கின்றன: கழுத்துப் பக்கம் இருக்கும் மேல் ட்ரபீசியஸ், நடு முதுகில் இருக்கும் கீழ் ட்ரபீசியஸ், விலாவை ஒட்டியிருக்கும் செராட்டஸ் ஆன்டீரியர். எனக்கு மேலே இருப்பது முந்திக்கொண்டு இழுக்கிறது, கீழே இருப்பது தாமதமாக வருகிறது, அதனால் எலும்பு திரும்பாமல் மேலே ஏறுகிறது என்று சொன்னார். என் கழுத்து ஏன் எப்போதும் கல்லாக இருக்கிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

அவர் எழுதிக் கொடுத்ததுதான் இந்தப் பட்டை. சர்ஜிகல் கடையில் ஒன்றரை மீட்டர் துண்டு வாங்கினேன். அகலம் ஐந்தாறு அங்குலம் வரும். நிறம்தான் இதில் கணக்கு. பட்டையை அதன் நீளத்தைப் போல இரண்டு மடங்காக இழுத்தால், மஞ்சள் 1.3 கிலோ அளவுக்கு எதிர்த்து இழுக்கும், சிவப்பு 1.7, பச்சை 2.1, நீலம் 2.6, கருப்பு 3.3. அதற்கு மேல் சில்வரும் கோல்டும் இருக்கின்றன. இப்படி நிறத்துக்கு நிறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. பட்டை முழுக்க இழுவை ஒரே சீராக இருக்கிறது, கையில் வெட்டுவதும் இல்லை. இதற்கு முன்னால் ஆன்லைனில் வேறொரு செட் வந்திருந்தது. எல்லாமே சின்ன வளையங்கள். தொடைக்கும் இடுப்புக்கும் அது சரி, தோளுக்கு நீளம் போதாது.

கடைக்காரர்கள் பெரும்பாலும் பச்சையோ நீலமோ எடுத்துக் கொடுப்பார்கள், மஞ்சள் வயசானவர்களுக்கு என்பார்கள். அதைக் கேட்காதீர்கள். கீழ் ட்ரபீசியஸ் தூங்கிப்போன நிலையில் கனமான பட்டையை இழுத்தால், கழுத்துத் தசைதான் ஓடி வந்து அந்த வேலையைச் செய்யும். பயிற்சி செய்ததாகத் தோன்றும், வளர்வது பழைய கோளாறுதான். இழுக்கும்போது தோள் காதை நோக்கி ஒரு விரல்கடை ஏறினாலும் அந்தப் பட்டை உங்களுக்கு அதிகம் என்று அர்த்தம். கண்ணாடி முன் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் செய்கிறவற்றில் மிக முக்கியமான ஒன்றுக்குப் பட்டையே வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். கட்டிலில் குப்புறப் படுத்து, மடித்த துண்டின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, ஒரு கையைத் தலைக்கு மேல் சாய்வாக நீட்ட வேண்டும். கீழ் ட்ரபீசியஸின் நார்கள் நடு முதுகுத் தண்டில் தொடங்கி, சரிவாக மேலேறி, தோள்பட்டை எலும்பின் மேட்டில் முடிகின்றன. அந்தச் சரிவின் நேர்கோட்டில் கை போக வேண்டும், கட்டைவிரல் கூரையைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து கையை நாலு விரல் உயரம் தூக்கி, நிறுத்தி, இறக்க வேண்டும். எடை எதுவும் இல்லாமலேயே என் கை நடுங்கியது. இன்னொன்று ஒருக்களித்துப் படுத்துச் செய்வது: விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவில் மடித்த துண்டு, முழங்கை மடங்கியபடி, கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், அதை வயிற்றருகிலிருந்து மேல்நோக்கித் திருப்புவது. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் ஆன் கூல்ஸ் குழுவினர், மேல் ட்ரபீசியஸ் அடங்கி கீழ் ட்ரபீசியஸ் வேலை செய்யும் பயிற்சிகள் எவை என்று 2007இல் வெளியிட்ட ஆய்வில் இந்த ஒருக்களித்த பயிற்சி இருக்கிறது. படுத்துவிட்டால் கையின் எடையைத் தாங்கும் வேலை கழுத்துத் தசைக்கு இல்லை.

அப்புறம் எதற்குப் பட்டை? ஃபிரேமை விட்டு எழுந்து, நின்ற இடத்தில் இரண்டு நிமிஷத்தில் செய்துவிட்டுத் திரும்ப உட்காரலாம், அதற்குத்தான். வேலை நடுவில் யார் கட்டிலைத் தேடிப் போவது? பட்டையை இரண்டு கையிலும் பிடித்து, முழங்கைகளை இடுப்போடு ஒட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, இரண்டு பக்கமும் விரிப்பேன். இது ஒன்று. கதவில் இடுப்பு உயரத்தில் மாட்டி, கைகளை நீட்டியபடியே முன்னாலிருந்து தொடைப் பக்கம் பின்னுக்கு இழுப்பேன். இது இன்னொன்று. இரண்டாவதில் பிசியோ பக்கத்தில் நின்று, “அக்கா, கையை மறந்திடுங்க, முதுகுல இருந்து இழுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தோள்பட்டை எலும்பின் கீழ் முனையை பிளவுஸின் பின்பக்க இடுப்புப் பட்டிக்குள் சொருகுவது போல நினைத்துக்கொண்டேன், சரியாக வந்தது.

ஆனால் இந்த “கீழே, பின்னே” என்கிற நினைப்பு, கை தாழ்வாக இருக்கும் பயிற்சிகளுக்கு மட்டும்தான். நிறைய வீடியோக்களில் எல்லாவற்றுக்கும் இதையே சொல்கிறார்கள். கை தலைக்கு மேல் போகும்போது தோள்பட்டை எலும்பு திரும்பியே ஆக வேண்டும். அதைக் கீழே பிடித்து வைத்தால் அந்த 60 டிகிரி எங்கிருந்து வரும்? சுவரில் முழங்கை வரை ஒட்டி, கைகளை ‘V’ வடிவில் மேலே வழுக்கிக்கொண்டு போகும் பயிற்சியில் நான் எலும்பைத் தாராளமாகத் திரும்ப விடுகிறேன். உச்சியில் கைகளை மட்டும் சுவரிலிருந்து கொஞ்சம் விலக்குவேன். பரணை எட்டுவது லேசானதில் இந்தப் பயிற்சிக்குத்தான் பெரிய பங்கு என்று நம்புகிறேன். சாயங்காலக் கழுத்து இறுக்கமும் நன்றாகக் குறைந்திருக்கிறது, முகூர்த்த நெருக்கடியில் விட்டுவிட்டால் மட்டும் மெல்லத் தலைகாட்டும்.

பட்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது லேடெக்ஸ். வெயிலில் காயப்போட்டால் கெட்டுவிடும், ஜன்னல் கம்பியில் கட்டினால் துரு அறுத்துவிடும், மோதிரமும் நகமும் ஆகாது. ஒட்டிக்கொண்டால் வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, டால்கம் பவுடர் தூவி வைக்கிறேன். இழுக்கும் முன் வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தில் சின்னக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் தூக்கிப் போடுங்கள், அறுந்தால் முகத்தில் அடிக்கும். கதவில் மாட்டும் வளையம் தனியாக விற்கிறார்கள். நான் பை தைக்கும் நாடாவை நாலாக மடித்துத் தைத்து, ஒரு முனையில் தடித்த முடிச்சுப் போட்டுக்கொண்டேன். முடிச்சு கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும்படி வைத்து, கதவைச் சாத்தித் தாழ் போட்ட பிறகுதான் இழுக்க வேண்டும்.

லேடெக்ஸ் அலர்ஜி உள்ளவர்களுக்கு லேடெக்ஸ் இல்லாத வகையும் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். கை மரத்துப் போவது, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, தோள்பட்டை எலும்பு இறக்கை மாதிரி துருத்திக்கொண்டு நிற்பது, இவை இருந்தால் பட்டை வாங்குவதற்கு முன் டாக்டரிடம் போங்கள், நரம்புக் கோளாறாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம்; அதற்கான வைத்தியம் வேறு. மற்றவர்கள் மஞ்சளில் தொடங்கி, தோள் ஏறாமல் பதினைந்து முறை சுலபமாக இழுக்க வந்தபின் சிவப்புக்குப் போகலாம். நான் இப்போது பின்னுக்கு இழுப்பதற்கு மட்டும் சிவப்பு, கை விரிப்பதற்கு இன்னமும் மஞ்சள்தான்.