பிட்காயினும் எத்தீரியமும்: பேரேட்டை எழுதுவது யார்?

வங்கியில் நம் கணக்கை வங்கியே எழுதுகிறது. கிரிப்டோ நாணயத்திலோ, உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே பேரேட்டின் நகலை வைத்திருக்கின்றன. அதில் அடுத்த பக்கத்தை எழுதும் உரிமை யாருக்கு என்பதில்தான் பிட்காயினும் எத்தீரியமும் பிரிகின்றன.

2009-இல் தொடங்கிய பிட்காயினில் அந்த உரிமையை மின்சாரம் செலவழித்தே வெல்ல வேண்டும். பரிவர்த்தனைத் தொகுப்போடு ஓர் எண்ணைச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே எண்ணாகச் சுருக்கும் ‘ஹாஷ்’ என்ற கணக்கைப் போட்டு, விடை குறிப்பிட்ட இலக்குக்குக் கீழே வருகிறதா என்று கணினி பார்க்கும். வராவிட்டால் எண்ணை மாற்றி மறுபடியும், கோடானுகோடி முறை பார்க்கும். (எண் பூட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பது போன்ற வேலை, புத்திசாலித்தனத்துக்கு இதில் இடமில்லை.) சராசரியாக 10 நிமிடங்களுக்கு ஒருமுறை யாருக்கோ விடை அகப்படுகிறது. பழைய பக்கத்தைத் திருத்த நினைப்பவர், அதற்குப் பின் நடந்த வேலை முழுவதையும் மீண்டும் செய்து மற்றவர்களை முந்தியாக வேண்டும். பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது.

எத்தீரியமும் 2022 செப்டம்பர் வரை இவ்வழியில்தான் இயங்கியது. இப்போது அதன் நாணயமான ஈத்தரில் குறைந்தது 32-ஐப் பிணையாகப் பூட்டியவர்களுள் ஒருவர், 12 நொடிக்கு ஒருமுறை, குலுக்கலில் தேர்வாகிறார். முரணான இரு பக்கங்களில் கையெழுத்திட்டால் பிணையில் ஒரு பகுதி பறிபோகும். மின்செலவு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. பணமுள்ளவருக்கே வாய்ப்பு அதிகம் என்ற குறை உண்மைதான். ஆனால் பிட்காயினில் மட்டும் விலையுயர்ந்த இயந்திரம் இல்லாதவர் வெல்கிறாரா என்ன?