ஓட்டல் பில்லில் ‘எஸ்.சி.’ என்று இருந்தால் உஷார்! எனக்கு 510 ரூபாய் போச்சு

வயிறு எரிகிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சென்னையில் ஏ.சி. போட்ட பெரிய ஃபேமிலி ரெஸ்டாரன்ட், பெயர் வேண்டாம். நேற்று ராத்திரி குடும்பத்தோடு போனோம். சாப்பிட்டது 4,860 ரூபாய்க்கு. கட்டியது 5,613.

பில்லில் சப் டோட்டலுக்கு அடுத்து ‘எஸ்.சி. 10’, அதை ஒட்டியே சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. மூன்றும் ஒரே பொடி எழுத்தில், நடுவில் ஒரு கோடுகூட இல்லை. அந்த மங்கல் வெளிச்சத்தில் பார்த்தால் மூன்றும் வரிதான். “இது என்னப்பா எஸ்.சி.?” என்று கேட்டேன். “எல்லாம் கவர்மென்ட் டாக்ஸ்தான் மேடம்” என்றார் பரிமாறிய தம்பி. அம்மாவுக்குக் காரம் குறைக்கச் சொல்லி, குழந்தைக்கு வெந்நீர் கொண்டுவந்து, அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த பிள்ளை. அவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? யுபிஐ-யில் கட்டிவிட்டு வந்தோம்.

அது வரியே இல்லை, சர்வீஸ் சார்ஜ்! 486 ரூபாய். அதன் தலையிலும் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 510 ரூபாய்.

காலையில் போன் செய்தால் மேனேஜர், “சிஸ்டத்துல அப்படித்தான் மேடம் வருது” என்கிறார். அந்த சிஸ்டத்தை யார் செட் பண்ணியது? “அக்கவுன்ட்ஸ்ல கேட்டுச் சொல்றேன்” என்று வைத்தவர்தான். வாட்ஸ்அப்பில் பில் போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது: சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதைச் சேர்த்த தொகைக்கு ஜி.எஸ்.டி. போடக் கூடாது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரி என்றது. இந்த ஒரே பில்லில் மூன்றையும் மீறியிருக்கிறார்கள். முழுப் பெயரை அச்சடிக்கக் காகிதமா இல்லை? தெரியக் கூடாது என்றுதான் இரண்டு எழுத்து.

விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பணம் கட்டும் முன் வரியைக் கூட்டிப் பாருங்கள். இந்த மாதிரி ஓட்டலில் சாப்பாட்டுத் தொகையில் 5 சதவீதம்தான், சி.ஜி.எஸ்.டி. 2.5, எஸ்.ஜி.எஸ்.டி. 2.5. மீதியை எடுத்துவிட்டு வேறு பில் கேளுங்கள். தர மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பில்லை உடனே போட்டோ எடுத்துவிடுங்கள், அந்த தெர்மல் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.