இயர் டிப் மதிப்புரை: ஃபைனல் இ, ஸ்பின்ஃபிட், கம்ப்ளை, செட்னா – எது யாருடைய காதுக்கு?

புதிதாக வாங்கிய இயர்போனில் பேஸ் போதவில்லை என்றும், பாடகரின் சகரமும் ஸகரமும் காதைக் குத்துகின்றன என்றும் குறைப்பட்டுக்கொண்டு உடனே அதைவிட விலை கூடிய ஒன்றைத் தேடத் தொடங்குகிறவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு ஜோடி இயர் டிப்தான், அதாவது இயர்போனின் நுனியில் மாட்டிக் காதுக்குள் நுழைக்கும் மெத்தென்ற உறைதான். பெட்டிக்குள் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தரும் மற்ற அளவு டிப்களைப் பெரும்பாலோர் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடுத்தர அளவுடனேயே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். தனியாக விற்கும் டிப்களில் நான்கு வகைகளை மூன்ட்ராப் நிறுவனத்தின் ஆரியா இயர்போனில் மாற்றி மாற்றி மாட்டிக் கேட்டதன் விளைவு இந்த மதிப்புரை. 2021இல் வந்த ஆரியாவில் ஒலியை எழுப்பும் பாகமாக 10 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர் ஒன்றுதான் இருக்கிறது. டிப்பை மாற்றினால் பேஸ் எவ்வளவு மாறுகிறது என்பதை இத்தகைய இயர்போன் ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடும்.

டிப்பின் முதல் வேலை காதை அடைப்பது. செவிக்குழலுக்கும் டிப்புக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலிகளின் காற்றழுத்தம் அதன் வழியே கசிந்துவிடும். நடுத்தர, உச்ச ஒலிகள் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அடைப்புச் சரியில்லாத இயர்போன் மெலிந்தும் கூர்மையாகவும் கேட்பதற்குக் காரணம் இதுதான், டிரைவரின் தரம் அல்ல. இதைச் சோதிக்க மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைவிட நல்ல கருவி நமக்கு வேண்டியதில்லை. வலப்பக்கத் தோலான வலந்தலையின் சொற்கள் எந்த டிப்பிலும் தெளிவாகவே கேட்கும். இடப்பக்கத் தோலான தொப்பியில் எழும் கும்கி என்னும் ஆழ்ந்த நாதம், அது உருண்டு தாழ்ந்து அடங்கும் வால் உட்பட, அடைப்புச் சரியாக இருந்தால்தான் முழுமையாக வந்து சேரும். இசை ஓடிக்கொண்டிருக்கும்போது இயர்போனை விரலால் இலேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பேஸ் கூடினால் உங்கள் டிப் அடைக்கவில்லை என்று பொருள்.

அடைப்புக்கு அடுத்தது ஆழம்; இதைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. வளர்ந்தவரின் செவிக்குழல் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளமுள்ளது. அது நேர்க்குழாயும் அல்ல, வட்டக்குழாயும் அல்ல. இலேசாக வளைந்து, குறுக்கே முட்டை வடிவில் இருப்பது. திறந்திருக்கும்போது அது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைத் தானாகவே உயர்த்திக் கேட்கச் செய்கிறது. டிப்பால் அடைத்ததும் அந்த ஒத்ததிர்வு போய், டிப்பின் நுனிக்கும் செவிப்பறைக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்து வேறோர் இடத்தில் புதிய முகடு ஒன்று எழும். அந்தத் தூரம் 20 மில்லிமீட்டர் என்றால், ஒலியின் வேகத்தை நொடிக்கு 343 மீட்டர் என்று கொண்டு கணக்கிட, முகடு சுமார் 8,600 ஹெர்ட்ஸில் விழும். டிப் இன்னும் 5 மில்லிமீட்டர் உள்ளே போனால் சுமார் 11,400 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். பாடகரின் ஸகரச் சீறல் பெரிதும் வாழ்வது 5,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் என்பதால், அதே இயர்போன் ஒருவருக்குக் குத்துவதும் இன்னொருவருக்கு இதமாக இருப்பதும் வியப்பல்ல. உண்மைக் காதில் இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. ஆனாலும் திசை இதுதான்.

இனி டிப்களுக்கு வருவோம். ஜப்பானின் ஃபைனல் நிறுவனத்தின் ‘டைப் இ’யை முதலில் சொல்ல வேண்டும். எஸ்எஸ் முதல் எல்எல் வரை ஐந்து அளவுகளில் கிடைப்பதே இதன் பெரிய பலம். மூன்றே அளவுகளோடு நிற்கும் பெட்டி டிப்களில் இரண்டு அளவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு தவிக்கும் காதுகளுக்கு இது விடிவு. இயர்போனில் மாட்டும் தண்டு சற்றுக் கெட்டியாகவும் காதைத் தொடும் குடைப்பகுதி மெல்லியதாகவும் வழவழப்பாகவும் இருப்பதால், உள்ளே நுழையும்போது மடங்காமல் போய், நுழைந்த பின் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. ஒலி வெளிவரும் துளை அகலமானதல்ல. அதனால் பேஸ் கொஞ்சம் நிறைந்தும் உச்ச ஒலிகள் கொஞ்சம் தணிந்தும் வருகின்றன. ஆரியாவில் வயலின் கேட்கும்போது வில் தந்தியில் உரசும் அந்த மெல்லிய கரகரப்பு மட்டும் குறைகிறது. அதை விரும்பிக் கேட்பவர்களுக்கு இது இழப்பு, மற்றவர்களுக்கு நிம்மதி. விலைக்கும் உழைப்புக்கும் இவற்றில் இதை மிஞ்ச எதுவும் இல்லை என்பதே என் கருத்து.

தைவானின் ஸ்பின்ஃபிட் வேறொரு சிக்கலுக்கு விடை. இதன் குடைக்கும் தண்டுக்கும் நடுவே இடுப்புபோல் ஒடுங்கிய ஒரு பகுதி உண்டு. இயர்போன் எந்தக் கோணத்தில் நின்றாலும் குடை மட்டும் செவிக்குழலின் வளைவுக்கு ஏற்பத் திரும்பிக்கொள்ளும். ஷெல் எனப்படும் உடற்பகுதி பெரிதாக இருந்து, டிப்பை மாட்டும் குழல் காதுக்குள் கோணலாக நுழையும் இயர்போன்களில் இதன் அருமை தெரியும். சிபி100 என்ற மாதிரி பொதுவான பயன்பாட்டுக்கு ஏற்றது. பெட்டிக்குள் வைத்து மூடவேண்டிய வயர்லெஸ் இயர்பட்களுக்குக் குட்டையான சிபி360 இருக்கிறது. நீளமான சிபி100ஐ அவற்றில் மாட்டினால் சார்ஜிங் பெட்டியின் மூடி சரியாக மூடாமல் போகலாம். ஸ்பின்ஃபிட் வாங்குவதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். இணையக் கடை ஒன்றிலிருந்து பாதி விலையில் எனக்கு வந்து சேர்ந்தது போலி. அட்டையும் எழுத்தும் அச்சு அசலாக இருந்தன, ஆனால் இடுப்புப் பகுதி தடித்துப்போய்க் குடை அசையவே இல்லை. உண்மையான டிப்பை மேசைமேல் வைத்து நுனியை விரலால் தட்டினால் தலையாட்டிப் பொம்மைபோல் ஆடும். போலி விறைத்து நிற்கும்.

அமெரிக்காவின் கம்ப்ளை ஃபோம் டிப்களைப் பற்றிக் கடுமையான கருத்துகள் இரு பக்கமும் உண்டு. விரல்களுக்கிடையில் உருட்டிச் சுருக்கி, மறுகையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துச் செவிக்குழலை நேராக்கி, உள்ளே வைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். இத்தனை பாடுபட்டால் கிடைக்கும் அடைப்பு வேறெதிலும் இல்லை. மின்சார ரயிலின் இரைச்சல் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஃபோம் உச்ச ஒலிகளை உறிஞ்சுவதால், குத்தும் இயர்போன்கள் பணிந்துபோகும். ஏற்கெனவே மந்தமாக ஒலிக்கும் இயர்போன்கள் கம்பளிக்குள் போய்விடும். நம் வெயிலிலும் புழுக்கத்திலும் ஃபோம் சீக்கிரம் வியர்வையையும் காதழுக்கையும் குடித்து, விரியும் தன்மையை இழக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டிய செலவு இது என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். இன்னொன்று, இவற்றின் எண்களைக் கவனிக்க வேண்டும்: ஷூர், வெஸ்டோன் போன்ற ஒல்லியான குழல் கொண்ட இயர்போன்களுக்கு 100 வரிசை, அகலமான குழல்களுக்கு 400, 500 வரிசைகள். மாற்றி வாங்கினால் ஒன்று ஏறாது, மற்றது காதுக்குள்ளேயே தங்கிவிடும்.

கொரியாவின் அஸ்லா வெளியிடும் செட்னா இயர்ஃபிட் செலாஸ்டெக், சிலிகானுக்குப் பதில் வேறொரு நெகிழ்பொருளால் ஆனது. உடல்சூட்டில் இளகிக் காதின் வடிவத்துக்கு வருவது. பிடிப்பு அபாரம், நடந்தாலும் மென்றாலும் நழுவுவதில்லை. ஆனால் அந்தப் பிசுபிசுப்பு சட்டைப்பையின் நூல்தூசி முழுவதையும் அள்ளிக்கொள்கிறது. அடிக்கடி கழுவச் சோம்பல்படாதவர்களுக்கு மட்டும்.

கடையில் விற்கும் எந்த அளவும் பொருந்தாதவர்களுக்குக் கைவேலை இருக்கிறது. நான் அதிகம் பயன்படுத்துவது ஃபோம் வளையம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஃபோம் காதடைப்பானை, காய்கறி வில்லை நறுக்குவதுபோல், 3 மில்லிமீட்டர் தடிமனில் கூரிய பிளேடால் வெட்டி, நடுவில் தடித்த ஊசியால் துளையிட்டுப் பெரிதாக்கி, சிலிகான் டிப்பின் குடையை மேலே புரட்டிவிட்டுத் தண்டில் கோத்து, மீண்டும் குடையை மூடிவிட வேண்டும். ஃபோம் உள்ளிருந்து குடையைத் தாங்குவதால், அது பள்ளமான இடங்களில் தளர்ந்து கசியாமல் சுவரோடு நிற்கிறது. தோலைத் தொடுவது சிலிகான்தான் என்பதால் ஃபோமின் உறுத்தலும் அழுக்கும் இல்லை. சோனி நிறுவனமே சில இயர்போன்களுடன் இந்த அமைப்பில் டிப்களைத் தந்திருக்கிறது. வளையம் தடித்துவிட்டால் குடை இறுகிப்போய் அரை மணி நேரத்தில் காது வலிக்கும். மெலிதாக வெட்டித் தொடங்குவது நல்லது.

ஆழமாக நுழையும் மூவடுக்கு டிப்களை, எட்டிமோட்டிக் நிறுவனம் 1991இல் கொண்டுவந்த ஈஆர்-4 வழியே புகழ்பெற்றவற்றை, சிறிய செவிக்குழல் உள்ளவர்கள் கடைசி அடுக்கைக் கத்தரித்துவிட்டு அணிவதுண்டு. இது பலருக்கும் உதவுகிறது. ஆனால் நகவெட்டியால் வெட்டினால் ஓரத்தில் பிசிறு நின்று தோலைக் கீறும். வளைந்த முனைக் கத்தரிக்கோலால் ஒரே சுற்றில் வெட்ட வேண்டும். டிப்பை முன்தள்ள, குழலின் அடியில் மெல்லிய ரப்பர் வாஷர் ஒன்றை மாட்டி அதன்மேல் டிப்பை ஏற்றுவது மற்றொரு வழி. ஷெல் காது மடலில் இடித்து ஆழம் போகாதவர்களுக்கு இதுவே போதும். உச்ச ஒலியைத் தணிக்க விரும்புவோர் குழலின் வலையில் பாதியை மட்டும் காயக்கட்டுக்குப் பயன்படும் மைக்ரோபோர் டேப்பால் மூடிக் கேட்கலாம். பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடலாம். செலவும் இல்லை, சேதமும் இல்லை. காதில் அழுத்தும்போது டிரைவர் ‘டிக்’ என்று நொடிக்கிறது என்பதற்காகக் குடையில் ஊசித்துளை இடுகிறவர்களும் இருக்கிறார்கள். சத்தம் நிற்கும், கும்கியும் கூடவே போய்விடும் என்பதால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டு காதுகளும் ஒரே அளவு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். என் ஆரியாவில் இப்போது வலப்பக்கம் ஃபைனலின் எம் அளவும், இடப்பக்கம் ஃபோம் வளையம் வைத்த எல் அளவும் இருக்கின்றன. பாடகரின் குரல் அப்போதுதான் நடுவில் நிற்கிறது. சிலிகான் டிப்களை வாரம் ஒருமுறை கழற்றி மிதமான சோப்பு நீரில் அலசி, முழுவதும் உலர்ந்த பின்னரே மாட்டுங்கள். காதில் சீழோ அரிப்போ இருக்கும் நாட்களில் எந்த டிப்பும் வேண்டாம். வெட்டியோ கோத்தோ மாற்றிய டிப்பை ஒவ்வொரு முறையும் காதில் வைக்குமுன் இழுத்துப் பார்த்து, குழலில் உறுதியாகப் பற்றியிருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அப்படியும் கழன்று உள்ளே தங்கிவிட்டால் ஹேர்ப்பின்னையோ பட்ஸையோ விட்டுத் தோண்டாமல், நேரே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.