பெங்களூரில் ‘அலாஸ்கன் மாலமூட்’ குட்டி தேடுகிறவர்கள் கவனத்துக்கு

ஹெண்ணூர்ப் பக்கம் வீட்டு மாடியில் நாய்க்குட்டி விற்கும் ஒருவர் எங்களிடம் 60,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அசல் அலாஸ்கன் மாலமூட் என்று ஒரு குட்டியைத் தந்தார். அது சைபீரியன் ஹஸ்கி. கலப்பாகவும் இருக்கலாம் என்கிறார் கால்நடை மருத்துவர். நீலக் கண்ணைக் காட்டித்தான் அந்த ஆள் விலையை ஏற்றினார். மாலமூட்டின் கண் பழுப்பாக இருக்க வேண்டும். நீலமாக இருந்தால் நாய்க் கண்காட்சியில் தகுதி நீக்கமே செய்துவிடுவார்கள்.

இனம் மாறியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தடுப்பூசி அட்டை இருக்கிறதே, அதுதான் அயோக்கியத்தனம். ஊசி போடும் மருத்துவர் மருந்துக் குப்பியின் லேபிளை உரித்து அட்டையில் ஒட்டி, பக்கத்தில் கையெழுத்திட்டு முத்திரை வைப்பார். எங்கள் அட்டையில் லேபிளும் இல்லை, முத்திரையும் இல்லை. இரண்டு தேதிகளும் ஒரே நீலப் பேனாவில் ஒரே மூச்சில் எழுதியவை. அவர் சொன்ன பிறந்த நாளை வைத்துக் கணக்குப் போட்டால், முதல் ஊசி மூன்றாவது வாரத்தில் விழுகிறது! அந்த ஊசியைப் பொதுவாக ஆறு வாரம் ஆன பிறகுதான் போடுவார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாளே வாந்தி, ரத்தக் கழிச்சல். பார்வோ என்ற வைரஸ் நோய். ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றி ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். விற்றவருக்குப் போன் செய்தால், “உங்கள் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை அக்கா” என்கிறார். பார்வோ கிருமி உள்ளே போய் நோயாக வெளிப்படவே மூன்று நாளாவது ஆகும். மறுநாளே படுத்த குட்டி அதை எங்கே வாங்கியிருக்கும்?

இனத்தைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் சான்றிதழ் “சென்னையிலிருந்து வருகிறது” என்றார். இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் இல்லை, மருத்துவர் ஸ்கேனர் வைத்துப் பார்த்துவிட்டார். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, நாய் இனவிருத்தி செய்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றைக் கேளுங்கள். தாய் நாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். எங்களிடம் தாய் “பண்ணைக்குப் போயிருக்கிறது” என்று சொல்லி வீடியோவைத்தான் காட்டினார்.

“பெங்களூரே குளிர் ஊர்தானே, கோடையில் மொட்டையடித்துவிட்டால் போதும்” என்பது அவருடைய இன்னொரு பொன்மொழி. பனியில் வண்டி இழுக்கப் பிறந்த நாய்க்கு ஏப்ரலின் 34 டிகிரி எந்தக் குளிர்? மொட்டையடித்தால் வெயில் நேரே தோலில் படும். இரட்டை அடுக்கு ரோமம் பழையபடி வளராமலும் போகலாம். அசல் மாலமூட் ஆண் நாய் 38 கிலோ வரும். அதை அல்சூரில் இரண்டாவது மாடி வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னவர் இவர்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. அந்தத் தாய் நாய் வீடியோ இப்போது வேறு போன் எண்ணோடு, ஓசூரில் குட்டி கிடைக்கும் என்று சுற்றுகிறது. பின்னணியில் பச்சைத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தால் அதேதான்.